தூதரகம் மூடினால் மாலுமி எங்கே போவான்?

ஒரு நாடு இன்னொரு நாட்டோடு உறவை முறிக்கப் போகிறது என்று செய்தி வந்தால் போர் வருமா, எண்ணெய் விலை ஏறுமா என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். கப்பலுக்கு ஆள் அனுப்பும் வேலையில் இருப்பவனுக்கு முதலில் வேறு கவலை வரும். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு எத்தனை பேர் இப்போது கடலில் இருக்கிறார்கள், அதில் யாருடையது சீக்கிரம் காலாவதியாகிறது, தூதரகம் மூடிவிட்டால் புதுப்பிக்க எங்கே போய் நிற்பது. சிங்கப்பூரில் கப்பல் நிர்வாகக் கம்பெனிகளின் குரூயிங் (கப்பலுக்கு ஆள் ஏற்பாடு செய்யும்) பிரிவிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்துகொண்டிருக்கிறது. ஆளை ஏற்றுவது, இறக்குவது, டிக்கெட், விசா, சிடிசி என்கிற மாலுமிப் பதிவேடு, துறைமுக ஏஜென்ட், நடுராத்திரி போன், இவ்வளவுதான் வேலை. அரசதந்திரம் எல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் அதன் சில்லறைக் கணக்கு முழுக்க எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: வெளிநாட்டில் ஆள் அதிகமாக வைத்திருக்கிற அரசுக்குத்தான் கோபப்பட வேண்டிய கட்டாயம் அதிகம், அதே அரசால்தான் அந்தக் கோபத்தைக் கடைசிவரை கொண்டுபோகவும் முடியாது.

இதை நான் முதலில் பார்த்தது 1995-ல். மார்ச் 17-ஆம் தேதி சாங்கி சிறையில் ஃபுளோர் கொன்டம்பிளாசியோன் என்ற பிலிப்பீன்ஸ் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். 1991-ல் டெலியா மாகா என்ற இன்னொரு பிலிப்பீன்ஸ் பணிப்பெண்ணையும், அவர் பார்த்துக்கொண்ட 4 வயதுப் பையனையும் கொன்றதாகத் தீர்ப்பு. தண்டனையைத் தள்ளிவைக்கும்படி பிலிப்பீன்ஸ் அதிபர் ராமோஸ் கேட்டார், இங்கே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு மணிலா கொதித்ததை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தூதரைத் திருப்பி அழைத்தார்கள். அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் டோங்கின் மணிலா பயணம் தள்ளிப்போனது. முதல்முறையாகச் சிங்கப்பூருக்கு வரும் பணிப்பெண்களை அனுப்புவது நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கன்காய்கோ தலைமையில் ஒரு ஆணையம் போட்டு, அநியாயம் நடந்தது என்று அது சொன்னால் உறவையே முறித்துக்கொள்ளத் தயார் என்று ராமோஸ் அறிவித்தார். தாவாவ் நகர மேயராக இருந்த டுட்டர்டே சிங்கப்பூர்க் கொடியை எரித்தார். (அதே மனிதர் 2016 டிசம்பரில் அதிபராக இங்கே அரசுமுறைப் பயணம் வந்தார், பூமலை என்கிற இங்குள்ள தாவரவியல் பூங்காவில் ஓர் ஆர்க்கிட் பூவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அரசியலில் எதையும் முழுசாக நம்பக் கூடாது.)

எங்கள் ஆபீஸ் அப்போது ஆன்சன் ரோட்டில். கப்பல்களில் பாதிக்கு மேல் பிலிப்பீன்ஸ் ஆட்கள். மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், ரேடியோ ஆபீசராகக் கடலில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்தவர், அவசரம் வந்தால் குரல் ஏறாது, தாழும். அன்று காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்கட பிலிப்பினோ ஆக்கள் எத்தினை பேர்? பாஸ்போர்ட் முடியிற திகதியோட பட்டியல் வேணும். இண்டைக்கே."

எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உறவு முறிந்தால் கப்பல் ஓடாதா என்ன? அவர் சொன்னார், கப்பல் ஓடும், ஆள்தான் நின்றுபோவான். பாஸ்போர்ட் புதுப்பிக்க, தொலைந்துபோனால் அவசரப் பயணச்சீட்டு வாங்க, வேலை ஒப்பந்தத்தில் முத்திரை குத்த, யாராவது செத்துப்போனால் உடலை அனுப்பக் கையெழுத்துக்கு, எல்லாவற்றுக்கும் நாசிம் ரோட்டில் இருக்கிற அந்தத் தூதரகம் வேண்டும். தூதர் ஊருக்குப் போனது பெரிய விஷயம் இல்லை, அடுத்த நிலையில் இருப்பவர் பொறுப்பேற்றுக்கொள்வார், கவுன்டர் திறந்திருக்கும். கவுன்டர் மூடுகிற நாளுக்குத்தான் நாம் தயாராக இருக்க வேண்டும்.

அட்டை அட்டையாக இருந்த கோப்புகளை இழுத்துப்போட்டு ராத்திரி வரை பட்டியல் எழுதினேன். ஆறு மாதத்துக்குள் முடிகிறவர்களுக்குச் சிவப்புப் பென்சில். அந்த வாரம் சிங்கப்பூருக்கு வரும் கப்பல்களில் இருக்கிற சிவப்புப் பெயர்களை மட்டும் தனியாக எடுத்து, லாஞ்சில் கரைக்கு அழைத்துவந்து, வேன் வைத்து நேராகத் தூதரகத்துக்கு. வரிசையில் நாங்கள் மட்டும் இல்லை, மற்ற கம்பெனிக்காரர்களும் இதே யோசனையோடு வந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்து அசட்டுச் சிரிப்பு. ஆஸ்பத்திரியில் முதுகில் அடிபட்டுப் படுத்திருந்த ஒரு போசன் (மேல்தள மாலுமிகளின் தலைவர்) மட்டும்தான் எங்களிடம் வெளிப்படையாகக் கேட்டார், ஆபரேஷன் முடிவதற்கு முன்னாலேயே ஊருக்கு ஏற்றிவிடுவீர்களா என்று. இல்லை என்று மேனேஜரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆங் மோ கியோவில் என் அக்கா வீட்டிலும் ஒரு பிலிப்பீன்ஸ் பணிப்பெண் இருந்தார். அவருக்கும் கொதிப்பு இருந்திருக்கும், எங்களிடம் காட்டவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வர விடுவார்களா, அல்லது தடை என்று பிடித்து வைத்துக்கொள்வார்களா? தன்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் அரசு போட்ட தடை தன் சம்பளத்தின் மேல் விழுமோ என்ற பயம் அது. தடை புதிதாக வருகிறவர்களுக்குத்தான், நீ போய்வரலாம் என்று அக்கா சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கேள்வியை யாராவது ராமோஸ் காதில் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கடைசியில் நடந்தது முறிவே இல்லை. வெளியுறவு அமைச்சர் ரோமுலோ பதவி விலகினார். டெலியா மாகா எப்படிச் செத்தார் என்ற தடயவியல் சர்ச்சையை அமெரிக்க நிபுணர்களிடம் விட்டார்கள், ஜூலையில் அவர்கள் சிங்கப்பூர்த் தரப்பின் முடிவே சரி என்றார்கள். அதற்குள் ஜூன் 7-ஆம் தேதி ராமோஸ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். குடியரசுச் சட்டம் 8042. வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் மக்களுக்கு வழக்குச் செலவுக்கு நிதி, அவர்கள் அதிகமாக இருக்கும் நாடுகளில் ஞாயிறு, விடுமுறை பார்க்காமல் 24 மணி நேரமும் திறந்திருக்கும் உதவி மையம் என்று பல ஏற்பாடுகள். கொடி எரிப்பு டிவியில் வந்தது, இந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் ஆபீசில் கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் பிற்பாடு எங்கள் மாலுமிகளுக்குப் பயன்பட்டது இதுதான்.

மேனேஜருக்கு இந்த முன்யோசனை எங்கிருந்து வந்தது என்று பிறகு ஒருநாள் காப்பிக் கடையில் சொன்னார். 1984-ல் அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கப்பல் திரிப்போலியில் நின்றது, சீஃப் எஞ்சினியர் ஆங்கிலேயர். ஏப்ரல் 17 அன்று லண்டனில் லிபியத் தூதரகத்துக்கு உள்ளிருந்து சுட்டதில் இவோன் ஃபிளெச்சர் என்ற பெண் போலீஸ் செத்துப்போனார். 22-ஆம் தேதி பிரிட்டன் உறவை முறித்தது. சுட்டவன் உள்ளே இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும், இருந்தும் அந்த மாத முடிவுக்குள் அத்தனை பேரையும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிரதமர் தாட்சரே, அதுவும் அந்தத் தாட்சரே, ஏன் விட்டார்? தூதரகத்துக்குள் புக முடியாது என்ற வியன்னா ஒப்பந்தம் ஒரு காரணம். இன்னொன்று, லிபியாவில் அப்போது ஏறக்குறைய 8,000 பிரிட்டிஷ்காரர்கள் இருந்தார்கள், திரிப்போலியில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தைச் சுற்றி கடாபியின் ஆட்கள் நின்றார்கள். "எண்ணாயிரம் பேரை அங்க வச்சுக்கொண்டு இங்க வீரம் காட்டேலாது" என்றார் மேனேஜர். அந்தச் சீஃப் எஞ்சினியருக்குப் பிறகு தேவைப்பட்ட காகிதங்கள் இத்தாலித் தூதரகம் வழியாக வந்தன, பிரிட்டனின் நலன்களை லிபியாவில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இத்தாலி ஏற்றிருந்தது.

இந்த மூன்றாம் நாட்டு ஏற்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை உண்டு. 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தில் 45-ஆவது பிரிவு. உறவு முறிந்தாலும், போரே நடந்தாலும், தூதரகக் கட்டடத்தையும் கோப்புகளையும் அந்த நாடு மதித்துப் பாதுகாக்க வேண்டும். போகிற நாடு தன் மக்களின் நலனை இன்னொரு நாட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிற நாடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத வீட்டில் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மாமா இருப்பாரே, அந்த வேலை. உலகத்தில் அந்த மாமா பெரும்பாலும் சுவிட்சர்லாந்துதான். 1980-லிருந்து ஈரானில் அமெரிக்காவின் காரியங்களைப் பார்ப்பது அவர்கள். 1971 போருக்குப் பிறகு சில ஆண்டுகள் பாகிஸ்தானில் இந்தியாவுக்கும் இந்தியாவில் பாகிஸ்தானுக்கும் அவர்களே பார்த்தார்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. துணைத்தூதரகங்களுக்கென்று வந்த 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின்படி அரசதந்திர உறவு முறிந்தால் துணைத்தூதரக உறவும் தானாக முறிந்துவிடாது. கொடியை இறக்கிவிட்டு பாஸ்போர்ட் கவுன்டரை மட்டும் திறந்து வைத்திருக்க வழி இருக்கிறது. பல அரசுகள் அதைச் செய்வதில்லை என்பது வேறு கதை.

சரி, முறிவு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா? அரசு சொல்லாது. சொன்னால் தன் ஆட்களே அங்கே பணயமாகிவிடுவார்கள். ஆனால் கவனித்தால் தெரியும். முதலில் தூதரக ஊழியர்களின் குடும்பங்கள் "பள்ளி விடுமுறைக்கு" ஊருக்குப் போகும். விசா கவுன்டர் தொழில்நுட்பக் கோளாறால் மூடப்படும். பயண அறிவுரையில் "தவிர்க்கலாம்" என்று இருந்தது "உடனே வெளியேறுவது பற்றி யோசிக்கவும்" என்று மாறும். துறைமுக ஏஜென்டுகள் இதையெல்லாம் மோப்பம் பிடித்துவிடுவார்கள். தூதரகக்காரர் காரை அடிமாட்டு விலைக்கு விற்கிறார் என்று ஒரு ஏஜென்ட் சொல்லி நாங்கள் ஆள் மாற்றத்தை வேறு துறைமுகத்துக்கு நகர்த்தியதும் உண்டு.

கனடா 2012 செப்டம்பர் 7 அன்று ஈரானில் செய்தது இதற்கு நல்ல உதாரணம். வெளியுறவு அமைச்சர் ஜான் பேர்ட் ஏபெக் கூட்டத்துக்காக விளாடிவோஸ்டாக்கில் இருந்தார், அங்கிருந்தே தெஹ்ரான் தூதரகம் மூடப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். அறிவிக்கும்போது அவருடைய ஆட்கள் ஒருவர்கூட அங்கே இல்லை, எல்லோரும் ஏற்கெனவே வெளியே. ஈரானியத் தூதர்களுக்கு 5 நாள் அவகாசம். தன் ஊழியர்களைப் பாதுகாத்த விதத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்த சாதாரணக் கனடியர்களுக்கு? உதவி வேண்டுமானால் துருக்கியில் அங்காராவைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். சில நாள் கழித்துத்தான் இத்தாலி பொறுப்பேற்றது. எங்களிடம் ஈரானில் பிறந்து கனடியக் குடியுரிமை வாங்கிய ஒரு சீஃப் ஆபீசர் இருந்தார், அம்மாவைப் பார்க்க தெஹ்ரான் போயிருந்தார். ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அவர்கள் கணக்கில் அவர் வெறும் ஈரானியர். அந்த இடைப்பட்ட நாட்களில் அவர் எங்களுக்கு அனுப்பிய மெயில்கள் எல்லாம் ஒரே கேள்விதான், நான் யாரைக் கேட்பது என்று. பத்திரமாக வந்துசேர்ந்தார், வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் முறிவை அறிவிக்கிற அன்றைக்கே மூன்றாம் நாட்டின் பெயரையும் சொல்ல முடியாத அரசு தயாராக இருந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் கத்தார். 2017 ஜூன் 5, திங்கட்கிழமை, நோன்பு மாதம். இங்கே நாங்கள் காலை வேலையில் இருக்கும்போதே சவூதி, பஹ்ரைன், அமீரகம், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்ததாகச் செய்தி. கத்தார்த் தூதர்களுக்கு 48 மணி நேரம், பஹ்ரைன், சவூதி, அமீரகத்தில் இருந்த கத்தார் மக்களுக்கு 14 நாள். அன்றே அமீரகத்தின் புஜைரா துறைமுகத்திலிருந்து சுற்றறிக்கை: கத்தார்க் கொடிக் கப்பல்களுக்கும், கத்தாருக்குப் போகிற, அங்கிருந்து வருகிற கப்பல்களுக்கும் இடமில்லை. கத்தாரின் ராஸ் லஃபானில் எரிவாயு ஏற்றும் கப்பல்கள் புஜைராவில்தான் எண்ணெய் போட்டுக்கொள்ளும், ஆளும் மாற்றும். எங்கள் தூத்துக்குடி செகண்ட் எஞ்சினியர் ஒருவருக்கு சென்னை, தோஹா, துபாய் என்று டிக்கெட். தோஹாவுக்கும் துபாய்க்கும் நடுவே விமானமே இல்லை என்று தெரிந்தபோது அவர் டாக்சியில் ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சார், திரும்பிப் போகவா, இல்ல அங்கேயே நிக்கவா?"

"நில்லுங்க தம்பி, அரை மணி நேரத்துல சொல்றேன்."

அரை மணி மூன்று மணியானது. அவர் பாவம், ஏர்போர்ட் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் தலைவலி பண நஷ்டத்தோடு போய்விட்டது. தோஹா ஏஜென்ட் ஆபீசில் இருந்த ஒரு பெண்ணின் கதை அப்படி இல்லை. பஹ்ரைன்காரர், கத்தார்க்காரரைக் கட்டியவர். பஹ்ரைன், சவூதி, அமீரகம் மூன்றும் கத்தாரில் இருக்கும் தங்கள் மக்களையும் 14 நாளுக்குள் ஊர் திரும்பச் சொல்லியிருந்தன. பிள்ளைகளுக்கோ அப்பாவின் குடியுரிமைதான். அதாவது அம்மா போக வேண்டும், பிள்ளைகள் அவரோடு போக முடியாது. ஜூன் 11-ஆம் தேதி வாக்கில் மூன்று நாடுகளும் கலப்புக் குடும்பங்களுக்கென்று தொலைபேசி எண்கள் அறிவித்தன, சலுகை உண்டு என்றன. அந்தப் பெண் எண்ணைச் சுழற்றிச் சுழற்றி எங்களுக்குக் கடிதம் அடிப்பார், ஒரு வரியில் துறைமுகக் கட்டணம், அடுத்த வரியில் இன்னும் லைன் கிடைக்கவில்லை. குடிமக்களைப் பாதுகாப்பது என்ற பெயரில் கூப்பிட்ட அழைப்பு அது. பாதுகாப்பு யாரிடமிருந்து என்றுதான் கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

அதே முறிவில் எகிப்து நடந்துகொண்டதைப் பாருங்கள். தூதரை வெளியேற்றியது, வான்வழியை மூடியது, எல்லாம் செய்தது. ஆனால் தன் மக்களைத் திரும்பி வரச் சொல்லவே இல்லை. கத்தாரில் லட்சக்கணக்கான எகிப்தியர்கள் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோஹாவில் எகிப்தின் நலன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிரேக்கத் தூதரகத்துக்குப் போனது. எங்கள் எகிப்திய மோட்டர்மேன் (எஞ்சின் அறை ஊழியர்) ஒருவர் கத்தார்க் கரையில் இறங்கி வழக்கம்போல ஊருக்குப் போனார், சுற்றுவழிதான், ஆனால் போனார். நான்கு பேர் சேர்ந்து எடுத்த ஒரே முடிவு, வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக நடந்தது. 2021 ஜனவரி 5-ல் சவூதியின் அல் உலாவில் சமரசம் கையெழுத்தாகிச் சரியாக ஆரம்பித்தது, மூன்றரை வருஷம் கழித்து.

முறிக்காமல் இருந்ததற்கும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது இந்திய வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைக் கட்டிப்பிடித்த படத்துக்காக அவரைத் திட்டாதவர் இல்லை. குவைத்தில் இருந்த இந்தியத் தூதரகத்தை ஈராக்கின் பாஸ்ராவுக்கு மாற்றினார்கள், அதையும் கேலி செய்தார்கள். என் மாமா மகன் அப்போது குவைத்தில் ஏசி மெக்கானிக். பாக்தாத் வழியாக பஸ்ஸில் அம்மான் வந்து ஏர் இந்தியாவில் பம்பாய் இறங்கினார். 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். குஜ்ராலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எங்கள் மாமி வீட்டில் வாய் திறக்க முடியாது.

சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் அதன் ஆள் கணக்கு சிறிது, தூதரகங்களும் உலகம் முழுக்க இல்லை. 1997 ஜூலையில் கம்போடியாவின் புனோம் பென்னில் சண்டை வந்தபோது விமானப்படையின் சி-130 விமானங்கள் போய் 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தன, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதெல்லாம் நடக்கும். வெளியுறவு அமைச்சு இதற்காகவே இ-ரெஜிஸ்டர் என்று ஒன்று வைத்திருக்கிறது, பயணம் போகும் இடம், தேதி, தொடர்பு எண் போட்டால் முடிந்தது. காசு கிடையாது. எங்கள் கம்பெனியின் சூப்பரின்டெண்டென்ட்மார்கள், அதாவது கப்பல்களை நேரில் போய்ப் பார்க்கிறவர்கள், மாதத்துக்கு மூன்று நாடு சுற்றுகிறவர்கள், அவர்களைப் பதிவு செய்ய வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. "அண்ணே, ரெண்டு நாள்தானே" என்பார்கள். கனடாக்காரர் கதை, கத்தார்ப் பெண் கதை எல்லாம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, கேட்டு உச்சுக்கொட்டுகிறார்கள், பதிவு மட்டும் நடப்பதில்லை. இப்போது என் அனுமதி இல்லாமல் டிக்கெட் எண் போகாதபடி டிராவல் ஏஜென்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பாஸ்ரா போகிற ஒருவர் இதற்காக என்மேல் மேனேஜ்மென்ட்டுக்குப் புகார் எழுதியிருக்கிறார். எழுதட்டும், பதிவு எண் வந்தால்தான் டிக்கெட்.